முதலெழுத்துக்குள் ஒரு குடும்பப்பெயர்

டி.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சொல்லாத தமிழ் வீடு கிடையாது. அதில் 'எம்' என்பது தந்தை மீனாட்சி ஐயங்கார். 'எஸ்' என்பது சௌந்தரராஜன் என்ற அவருடைய சொந்தப் பெயர். முன்னால் நிற்கும் 'டி' எது? ஊர்ப்பெயராக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் 1922இல் அந்தப் பாடகர் பிறந்த ஊர் மதுரை. அந்த 'டி'க்கு விரிவு தொகுளுவா. சௌராஷ்டிரர்களின் வீட்டுப்பெயர்களில் அது ஒன்று. அறுபது ஆண்டுகளாக வானொலி அறிவிப்பாளர்கள் நாள்தோறும் ஓர் அரிய குடும்பப்பெயரை அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்களுக்கும் தெரியாது, அறிவித்தவர்களில் பெரும்பாலோருக்கும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மதுரையை அடுத்த திண்டுக்கல் சமவெளியில் அந்த வாய்பாடு பாதிதான் செல்லும். திண்டுக்கல் நகரத்தின் நாகல் நகரில் சௌராஷ்டிரர்கள், பேகம்பூரில் உருது பேசுவோரும் ராவுத்தர்களும், சின்னாளப்பட்டியில் கன்னடம் பேசும் தேவாங்கர்கள், சுற்று வட்டாரத்தில் தெலுங்கு பேசும் கம்பளத்தார், கன்னடம் பேசும் அனுப்பர், மேற்கே ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் கூட்டப்பெயர் சொல்லிப் பெண் எடுக்கும் கொங்கு வேளாளர் என்று பலரும் கலந்து வாழும் மண் இது. விஜயநகரப் படையெடுப்பும் மதுரை நாயக்கர் ஆட்சியும் பாளையப்பட்டுகளும், 1755இல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக (ராணுவ ஆளுநராக) வந்த ஹைதர் அலியின் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்த மக்கள் இவர்களில் பலர். இவர்களில் பெரும்பாலோரிடம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஒரு பெயர் உண்டு. வீட்டுப்பெயர், குலப்பெயர், கூட்டப்பெயர், வங்குசம் என்று சமூகத்துக்குச் சமூகம் அதற்குப் பெயர் மாறும். அது ரேஷன் அட்டையில் இருக்காது, ஆதாரில் இருக்காது. கல்யாணப் பேச்சு எடுத்தவுடன் முதல் கேள்வியாக வெளியே வரும்.

அப்படியானால் தொகுளுவா போன்ற ஒரு வீட்டுப்பெயருக்கு உரியவர்கள் மொத்தம் எத்தனை பேர்? இந்தச் சாதாரணக் கேள்விக்கு இந்திய அரசின் எந்த ஏட்டிலும் விடை இல்லை.

வேறு சில நாடுகளில் இது ஒரு கேள்வியே அல்ல. அமெரிக்க மக்கள்தொகைத் துறை 2010 கணக்கெடுப்பிலிருந்து, நூறு பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் குடும்பப்பெயர்கள் அனைத்தையும் பட்டியலிட்டு வெளியிட்டது. மொத்தம் 1,62,253 பெயர்கள். அதில் படேல் என்ற பெயருக்கு 2,29,973 பேர். தென்கொரியாவில் 2015 கணக்குப்படி ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம். படேல் வருவதும் குஜராத்திலிருந்து. சௌராஷ்டிரர்கள் தங்கள் பூர்வீகம் என்று சொல்வதும் குஜராத்தைத்தான். அட்லாண்டிக்கைத் தாண்டிய படேலுக்குக் கடைசி ஆள்வரை கணக்கு இருக்கிறது. விந்தியத்தைத் தாண்டிய தொகுளுவாவுக்கு ஓர் எண்கூடக் கிடையாது.

கணக்கு இல்லாமலில்லை, இணையத்தில் குவிந்து கிடக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். எந்தக் குடும்பப்பெயரைத் தட்டினாலும், உலகில் இத்தனை பேர், தமிழ்நாட்டில் இத்தனை பேர் என்று நொடியில் சொல்லும் தளங்கள் உண்டு. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு எண்ணுவது அவற்றின் பொது வழக்கம். தமிழ்நாட்டில் அது எப்படிப் பிசகும் என்பதை வாக்காளர் பட்டியலில் ஒரு கட்டத்தைப் பார்த்தாலே புரியும். வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம்: ஆளைப் பற்றி அந்தக் கட்டத்துக்குள் இருப்பவை இவைதான். ராமசாமியின் மகன் கண்ணன், கண்ணனின் மகள் பிரியா என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கண்ணனின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்ட இடத்தில் ராமசாமி ஏறும். பிரியாவின் பாஸ்போர்ட்டில் கண்ணன் ஏறும். அவளுக்குக் கல்யாணமானால் கணவரின் சொந்தப் பெயர் ஏறும். ஒரே வீட்டில் மூன்று 'குடும்பப்பெயர்'. கணினி இதையெல்லாம் கூட்டி, கண்ணன் குடும்பத்தார் தமிழகத்தில் இத்தனை லட்சம் என்று அடித்துச் சொல்லும். அப்படி ஒரு குடும்பமே உலகத்தில் கிடையாது. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை இந்தத் தளங்கள் தரும் எண்களை அப்படியே ஒதுக்கிவிடுவதுதான் நல்லது. பெயர் எவ்வளவு பரவலாக வைக்கப்படுகிறது என்பதை வேண்டுமானால் அவை காட்டும், குடும்பத்தைக் காட்டாது.

வீட்டுப்பெயரோ பெயரின் முன்பக்கத்தில், ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. வீட்டுப்பெயர், தந்தை பெயர், சொந்தப் பெயர் என்பது சௌராஷ்டிரர்களிடையே பரவலான வரிசை. ஆந்திரத்துத் தெலுங்கர்களும் வீட்டுப்பெயரை முன்னால்தான் வைப்பார்கள். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. சௌராஷ்டிர மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதில் தெலுங்குச் சொற்கள் ஏராளம். நெடுங்காலம் தெலுங்கு நாட்டில் தங்கி வந்தவர்கள் என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி. பெயர் வைக்கும் முறையும் அங்கேயே படிந்திருக்க வேண்டும்.

பூர்வீகம் பற்றிப் பேசுபவர்கள் மந்தசோர் கல்வெட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். கி.பி. 473ஐச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியன் கோயில் கட்டியதையும் பின்னர் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. பட்டு நெசவு, குஜராத், இடப்பெயர்ச்சி என்று மூன்றும் பொருந்துவதால் இவர்களே பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று எழுதிவிடுகிறார்கள். லாடம் தென் குஜராத். சௌராஷ்டிரம் மேற்கே இருக்கும் தீபகற்பம். மந்தசோருக்கும் மதுரைக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. தொழில் ஒன்று என்பதற்காக வம்சமும் ஒன்று என்று முடிகட்டுவது ஆய்வுக்கு அழகல்ல. அந்தக் கல்வெட்டை, நெசவாளர்கள் கூட்டமாகப் பெயர்ந்து போவது அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதற்கான சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மதுரைப் பக்கத்தில் கால் ஊன்றி நிற்க இடம் இருக்கிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறது. பூணூல் மாற்றும் உபாகர்மச் சடங்கைச் செய்ததற்காகப் பட்டுநூல்காரர் 18 பேர் மதுரையில் கைது செய்யப்பட்டார்கள். ராணி மங்கம்மாள் பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, சடங்கு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தக் காலத்திலேயே, தங்கள் தகுதிக்காக அரண்மனைவரை போய் வழக்காடும் அளவுக்கு இந்தச் சமூகம் மதுரையில் நிலைபெற்றுவிட்டது என்பது இதிலிருந்து தெளிவு. ஐயங்கார், ஐயர், ராவ், பாகவதர், சர்மா என்று பட்டங்கள் பலவாக இருப்பதன் பின்னணியிலும் இந்தத் தகுதிப் போராட்டம் உண்டு. பட்டம் ஆளுக்கு ஆள் மாறலாம். அண்ணன் ஐயர் என்றும் தம்பி ராவ் என்றும் எழுதிக்கொள்ளலாம். வீட்டுப்பெயர் அப்படி மாறாது. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு உதவுவது அதுதான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல், பெரியகுளம், பரமக்குடி, எமனேசுவரம், சேலம், கும்பகோணம் என்று நெசவு போன வழியில் சமூகமும் பரவியது. கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் 'வேள்வித் தீ' நாவலில் இந்தத் தறி வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினார். 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மொழியியலில் எச்.என். ராண்டில், ஐ.ஆர். தவே, ஜப்பானியரான உசிதா நோரிஹிகோ ஆகியோர் உழைத்திருக்கிறார்கள். உசிதா அகராதியே தொகுத்தார். சௌராஷ்டிர எழுத்துக்கு 2008இல் யூனிகோடில் இடமும் கிடைத்துவிட்டது. மொழிக்கு அகராதி வந்தது, எழுத்துக்குக் கணினிக் குறியீடு வந்தது. வீட்டுப்பெயர்களுக்கு அதுபோல் அரசின் கணக்கு எதுவும் வரவில்லை.

அரசு எண்ணுவது மொழியைத்தான். 2001 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் 62,282 பேர் கூடியிருக்கிறார்கள், ஏறக்குறைய 33.6 சதவீத வளர்ச்சி. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை கூடியது 15.6 சதவீதம்தான். சௌராஷ்டிரர் வீடுகளில் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் பிள்ளை பிறந்துவிடவில்லை. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டியபோது ஒருமுறை 'தமிழ்' என்று சொன்னவர்கள் மறுமுறை 'சௌராஷ்டிரா' என்று சொல்லியிருக்கலாம். அல்லது எழுதிக்கொண்டவர் இந்த முறை ஒழுங்காக எழுதியிருக்கலாம். இந்த எண்ணில் மக்கள்தொகையோடு மனநிலையும் கலந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை, இந்த 2,47,702 பேரும் மொழி அட்டவணையில் குஜராத்தி என்ற தலைப்புக்குள் அடங்குகிறார்கள். நாகல் நகரில் தறி ஓட்டி, வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி, குஜராத்தியில் ஒரு வாக்கியமும் தெரியாதவர் தேசியக் கணக்கில் குஜராத்திக்காரர்.

திண்டுக்கல்லின் மக்கள்தொகை 2011இல் நகரத்தில் 2,07,327, மாவட்டத்தில் 21,59,775. நாடு முழுவதும் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்களைக் கூட்டினாலும் திண்டுக்கல் நகரத்தைவிடச் சற்றே பெரிய ஓர் ஊர்தான் தேறும். மரபில் சொல்லப்படும் 64 கோத்திரங்களாக அதைப் பிரித்தால் கோத்திரத்துக்குச் சராசரி நாலாயிரம் பேருக்குள் வரும். ஒவ்வொரு கோத்திரத்துக்குள்ளும் பல வீட்டுப்பெயர்கள் இருப்பதால், ஒரு பெயருக்குச் சில நூறு பேர் என்பதே பொதுவான அளவாக இருக்கும் என்று நான் கணக்கிடுகிறேன். சராசரி என்பது மேடுபள்ளத்தை மறைக்கும். சில பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், சில பெயர்கள் ஒரு தெருவோடு முடியும். எப்படிப் பார்த்தாலும் அரிய பெயர்கள்தான்.

இந்த வட்டாரத்தில் பெயரின் பின்பக்கம் ஏன் காலியானது என்பதற்கு வத்தலக்குண்டு அருகே பட்டிவீரன்பட்டிக்குப் போக வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அந்த ஊர்க்காரர், சௌந்தரபாண்டியன். சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று நாம் சொல்லும் கடைவீதி அவர் பெயரால் வந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்பது அந்த மாநாட்டின் தீர்மானங்களில் ஒன்று. நாடார், பிள்ளை, முதலியார், நாயக்கர் என்று பெயரின் வாலாக நின்றவை அதற்குப் பிறகு படிப்படியாக உதிர்ந்தன. வெளிமாநிலத்தில் குடும்பப்பெயராக நிற்கும் அந்த இடம் இங்கே வெற்றிடமானது.

ஆனால் அவர் பெயரையே பாருங்கள்: ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். ஆங்கிலத்தில் டபிள்யூ.பி.ஏ. கடைசி 'அ' தந்தை அய்ய நாடார். முன்னே நிற்கும் 'ஊ'வும் 'பு'வும் தந்தையின் பெயருக்கு முன்னாலும் நின்றவை. மகனுக்கு அப்படியே வந்து சேர்ந்தவை. வியாபாரக் குடும்பங்களில் இப்படிப் பரம்பரையாக வரும் முதலெழுத்துகள் கடைப் பெயர்ப்பலகையிலும் மூட்டைக் குறியிலும் ஏறிவிடும்; அந்த எழுத்தைச் சொன்னால் எந்த வீடு என்று ஊருக்கே தெரியும். சாதிவாலை அறுத்தவரின் பெயரிலேயே குடும்ப அடையாளம் தலைப்பக்கம் பத்திரமாக இருந்தது. இதை முரண்பாடாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சாதி ஊரைப் பிரிக்கும் அடையாளம். வீட்டுப்பெயர் ஒரு வீட்டின் அடையாளம். முன்னதை இழந்ததால் புள்ளிவிவரக்காரருக்கு நஷ்டம், சமூகத்துக்கு லாபம். அந்த நஷ்டத்தை நாம் தாங்கிக்கொள்ளலாம்.

குடும்பப்பெயரை வைத்து மேல்நாட்டார் செய்யும் இன்னொரு கணக்கும் இங்கே கவிழ்ந்துவிடும். நெருங்கிய உறவில் எத்தனை பேர் மணம் செய்கிறார்கள் என்று அறிய, மணமகனும் மணமகளும் ஒரே குடும்பப்பெயர் உடையவர்களா என்று பார்த்துக் கணக்கிடலாம் என்று 1875இல் ஒரு வழி சொன்னார் ஜார்ஜ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன் இவர். 1965இல் க்ரோ, மேஞ்ச் என்ற இருவர் அதை ஒரு சூத்திரமாகவே ஆக்கினார்கள். திண்டுக்கல்லில் ஒரே வீட்டுப்பெயர் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனவே அந்தச் சூத்திரம் இங்கே பூஜ்யம் என்று விடை தரும். நடப்பு வேறு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் உறவில் மணம் முடித்தவர்கள். இந்திய அளவில் அது 11 சதவீதம். மாமன் மகளுக்கு வீட்டுப்பெயர் வேறு, ரத்தம் நெருக்கம். ஜார்ஜ் டார்வின் வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அவருடைய தாய் எம்மா வெட்ஜ்வுட், தந்தைக்கு அம்மான் மகள். நம் கணக்கில் அசல் முறைப்பெண். பெயர் வேறாக இருந்ததால் மகன் வகுத்த முறைக்குள் பெற்றோரின் திருமணமே நேரடியாக அகப்படாது.

அரிய பெயர்கள் அழியுமா என்ற கேள்விக்கு மட்டும் மேல்நாட்டுக் கணிதம் நமக்கு நேரடியாகப் பயன்படும். 1873இல் பிரான்சிஸ் கால்டன் இதைப் புதிராகப் போட, பாதிரியாரும் கணிதருமான வாட்சன் விடை எழுதினார். எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்ற வாட்சனின் முடிவைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஒரு தலைமுறையில் ஆணுக்குச் சராசரியாக ஓர் ஆண்பிள்ளைக்கு மேல் இருந்தால் பெயர் பிழைக்க வழி உண்டு. ஒன்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அழிவு உறுதி. அதே 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஆண்பிள்ளை என்று பார்த்தால் 0.9 அளவில் நிற்கும். இந்த எண்ணைப் போட்டு, பிள்ளைப்பேறு தற்செயலாகப் பரவுவதாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஓர் ஆணிடம் மட்டும் இருக்கும் வீட்டுப்பெயர் மூன்று தலைமுறைக்குள் மறைந்துபோக 69 சதவீத வாய்ப்பு. ஐந்து பேரிடம் இருந்தால் 16 சதவீதம். சில நூறு பேரிடம் இருக்கும் பெயருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஒரு தெருப் பெயர்களுக்கு உண்டு. முன்காலத்தில் தத்து எடுத்துப் பெயரைக் காத்தார்கள். இன்று பெண்ணும் வீட்டுப்பெயரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றால் இந்தக் கணக்கே தலைகீழாகும். அதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை, வழக்கம்தான் தடை.

ஆனால் குழந்தை பிறக்காமல் அழிவதற்கு முன்பே, எழுதப்படாமல் அழிவது நடந்துகொண்டிருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது 'ஒரு இனிஷியல் போதும்' என்பார்கள். தந்தையின் எழுத்து நிற்கும், வீட்டின் எழுத்து போகும். எழுத்து நின்றாலும் பிரச்சினை தீராது. ஆங்கிலத்தில் 'டி' என்று ஒற்றை எழுத்து போட்டால் அது த, தா, தி, தொ, ட எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். தமிழில் 'தொ' என்று எழுதினால் பாதிப் பெயர் அங்கேயே தெரியும். முதலெழுத்தையும் கையெழுத்தையும் தமிழில் இட வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் பிறப்பித்த ஆணையை மொழிப்பற்றுக்காக வரவேற்றவர்கள் பலர். குடும்ப வரலாற்றுக்கு அது செய்யக்கூடிய நன்மையை யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

கணக்கெடுக்க விரும்புகிறவருக்கு இனி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று கல்யாணப் பத்திரிகை. கோத்திரமும் வீட்டுப்பெயரும் தாத்தா பெயரும் ஊரும் ஒரே தாளில் அச்சாகும் ஆவணம் வேறு இல்லை. கல்யாணம் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். மற்றொன்று சமூகத்தின் சொந்த ஏடுகள். செட்டிநாட்டு நகரத்தார் மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கோயில்வாரியாக எண்ணி வரி வாங்கிய மரபு நமக்கு முன்னால் இருக்கிறது. அரசு எண்ணாததைச் சமூகம் எண்ண முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. சௌராஷ்டிரர், தேவாங்கர், அனுப்பர் என்ற மொத்த எண்கள் அதில் வந்துவிடலாம். வீட்டுப்பெயருக்கு அதிலும் கட்டம் வரும் என்று தெரியவில்லை. எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, முதலெழுத்தின் முழு விரிவைத் தமிழில், ஒரே எழுத்துக்கூட்டலில், குடும்பப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றையாவது அதே கோப்பில் சேருங்கள்.